வாசலில் நிற்கும் மரமும் வரப்போகும் புயலும்

கனடாவில் முதன்முதலாக வீடு வாங்கும் எம்மவர்கள் வீட்டினுள்ளே பார்க்காதது எதுவுமில்லை. சமையலறை எந்தப் பக்கம், அடுப்புப் புகை வெளியே போக வழி உண்டா, பேஸ்மன்றுக்குத் தனி வாசல் இருக்கிறதா, வாசல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று மூன்று தடவை போய்ப் பார்ப்பார்கள். ஆனால் வெளியே, கூரையைப் போல இரண்டு மடங்கு உயரத்தில் நிற்கும் மரத்தை அண்ணாந்து பார்ப்பவர்கள் மிகச் சிலரே. வீட்டைப் பரிசோதிக்க வருபவரும் பெரும்பாலும் கூரையையும் குழாய்களையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார். "நல்ல நிழல்" என்பதோடு அந்த விடயம் முடிந்துவிடுகிறது.

நன்கு வளர்ந்த ஒரு மேப்பிள் மரம் பல தொன் எடையுள்ளது. அது நிற்கும் வரை நிழல்தான். விழுந்தால் கூரை, கார், மின்கம்பி, சில வேளைகளில் உயிரும் போகும். 1998ம் ஆண்டு ஜனவரி 5ம் திகதி தொடங்கி ஐந்தாறு நாட்கள் கிழக்கு ஒன்ராறியோவிலும் தென் கியூபெக்கிலும் பெய்த உறைமழையை, அப்போது மொன்றியலில் இருந்த எம்மவர்கள் இன்றும் மறக்கவில்லை. அந்த நாட்களில் மொன்றியல் பகுதியில் ஏறத்தாழ 100 மில்லிமீற்றர் உறைமழையும் பனித்துகளும் விழுந்தன. இரும்பு மின்கோபுரங்களே மடிந்து விழுந்தன. சில ஊர்களுக்கு ஒரு மாதத்திற்கும் மேலாக மின்சாரம் கிடைக்கவில்லை. 2013ம் ஆண்டு டிசம்பர் 21, 22ம் திகதிகளில் ரொறன்ரோவுக்கு அதே அனுபவம் வந்தது. நகரில் மட்டும் ஏறத்தாழ 300,000 மின் இணைப்புகள் அறுந்தன. ஸ்காபரோவில் பல குடும்பங்கள் நத்தாரை இருட்டிலும் குளிரிலும் கழித்தன. பின்னர் 2022ம் ஆண்டு மே 21ம் திகதி, விக்ரோறியா நாள் நீண்ட வார இறுதியின் சனிக்கிழமையன்று, தென் ஒன்ராறியோவிலிருந்து கியூபெக் வரை ஒரே நாளில் பெருங்காற்று ஓடியது. ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் காற்றின் வேகம் மணிக்கு 120 கிலோமீற்றராகப் பதிவாகியது. குறைந்தது பத்துப் பேர் உயிரிழந்தனர். அவர்களிற் பலர் மரம் விழுந்து இறந்தவர்கள்.

இந்த மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. புயல் வந்த பின்பு எவராலும் அதிகம் எதுவும் செய்ய முடியவில்லை. ஒரு மரம் விழுமா நிற்குமா என்பது பெரும்பாலும் அதற்கு முந்திய பத்துப் பதினைந்து வருடங்களில், வீட்டுக்காரர் செய்தவற்றாலும் செய்யாமல் விட்டவற்றாலும் தீர்மானமாகிவிடுகிறது. இதிலே எமக்கென்று ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. மரங்களைப் பற்றி எமக்குத் தெரிந்ததெல்லாம் ஊரில் படித்தவை. அவற்றிற் சில இங்கே எமக்கு எதிராகவே வேலை செய்கின்றன.

ஊர் மரமும் இந்த நாட்டு மரமும்

பனையும் தென்னையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவற்றுக்குக் கொப்புக் கிடையாது. ஒரே தண்டு, உச்சியில் ஒரு வட்டு. காற்று வந்தால் ஓலை மடங்கிக் கொடுக்கும், தண்டு வளையும். அப்படியிருந்தும் 1978ம் ஆண்டு நவம்பர் சூறாவளியில் மட்டக்களப்பில் தென்னந்தோப்புக்கள் எப்படிப் படுத்தன என்பதை அந்த ஊர்க்காரரைக் கேட்டால் சொல்வார்கள்.

இங்குள்ள மேப்பிள், எல்ம், ஓக் மரங்களின் அமைப்பே வேறு. அடிமரம் மேலே போய்ப் பல கவர்களாகப் பிரிந்து, குடைபோல விரிந்து நிற்கும். மே மாதம் தொடக்கம் ஒக்ரோபர் வரை அந்தக் குடை முழுவதும் இலை. அப்போது அடிக்கும் காற்றுக்கு அது பாய்மரம் போன்றது. இலையுதிர்ந்த பின்பு காற்றின் ஆபத்து குறையும். ஆனால் அப்போதுதான் உறைமழைக் காலம் வருகிறது. உறைமழை என்பது பனி அல்ல. தண்ணீராகவே விழுந்து, தொட்ட இடத்தில் கண்ணாடி போல உறைந்துவிடும். விரலளவு தடிப்பான ஒரு சுள்ளி அதைச் சுற்றி அதே அளவு ஐஸ் படிந்தால் தன்னைப் போலப் பல மடங்கு பாரத்தைச் சுமக்க வேண்டியிருக்கும். ஆயிரக்கணக்கான சுள்ளிகள் அப்படிச் சுமக்கும்போது பலவீனமான கவர் எதுவோ அது பிளக்கும். இலை உதிர முன்னர் ஒக்ரோபரில் ஈரப்பனி கொட்டினாலும் இதே கதைதான்.

ஆகவே பார்க்க வேண்டியது கவர்களை. இரண்டு பெரிய கொப்புகள் ஒரே அளவில் எழுந்து நிற்கின்றனவா? அவை சேருமிடம் அகன்று, தமிழ் 'ப' போல இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஒடுங்கி, கவண் தடியின் கவட்டைபோலக் கூராக இருந்து, நடுவே பட்டை உள்ளுக்கு மடிந்து போயிருந்தால் அங்கே மரத்தோடு மரம் ஒட்டவில்லை என்று அர்த்தம். இரண்டும் தடிக்கத் தடிக்க ஒன்றையொன்று வெளியே தள்ளும். ஒரு நாள் காற்றிலோ ஐஸிலோ நடுவே பிளந்து, ஒரு பாதி முற்றத்திலும் மறுபாதி கூரையிலும் கிடக்கும். 1950களிலும் 60களிலும் கட்டப்பட்ட ஸ்காபரோ வீடுகளின் முன்னே நிற்கும் சில்வர் மேப்பிள்களில் இது சாதாரணமாகக் காணக்கூடிய குறை. கெதியாக வளரும் மரம், ஆனால் வலுக்குறைந்த மரம். அதற்காக உடனே தறிக்க வேண்டியதில்லை. ஒரு பக்கக் கொப்பின் பாரத்தைக் குறைப்பது, இரண்டு கொப்பையும் மேலே இரும்பு வடத்தால் பிணைப்பது போன்ற வழிகள் உண்டு. அது பயிற்சி பெற்றவர் செய்யும் வேலை.

அடுத்தது பட்ட கொப்புகள். இங்கே வந்த முதல் வருடம் ஜனவரியில் வீதியைப் பார்த்து, "ஏன் இந்த நாட்டிலை மரமெல்லாம் பட்டுப்போய் நிக்குது?" என்று கேளாதவர் எவருமில்லை. குளிர்காலத்தில் பட்டதும் படாததும் ஒன்றுபோலவே தோன்றும். எனவே பட்ட கொப்பைத் தேடவேண்டிய மாதம் ஜூன் அல்லது ஜூலை. எல்லாக் கொப்பும் இலையோடு நிற்கையில் எது மொட்டையாக நிற்கிறதோ அதுதான். அன்றே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், குளிர்காலத்தில் ஆள் பிடிக்கும்போது உதவும். அடிமரத்தில் நெடுக்காக ஓடும் வெடிப்பு, அடியிலோ வேரடியிலோ முளைக்கும் பெருங்காளான், தட்டினால் கேட்கும் வெற்றொலி, அண்மையில் தொடங்கிய சரிவு ஆகியவையும் கவனிக்க வேண்டிய அடையாளங்கள். நெடுங்காலமாகச் சரிந்தே வளர்ந்த மரம் வேறு. போன மாதம் நேராக நின்று இந்த மாதம் சரிந்திருந்தால், எதிர்ப்பக்கம் மண் கிளம்பியும் இருந்தால், அன்றைக்கே உதவி கேட்க வேண்டும். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடக்கூடாது.

ஆஷ் மரம் நிற்கும் வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எமரல்ட் ஆஷ் போரர் என்னும் பச்சை வண்டு 2002ம் ஆண்டில் வின்சரிலும் 2007ல் ரொறன்ரோவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. பட்டையின் கீழே அதன் புழு அரிக்க, மருந்து ஏற்றப்படாத ஆஷ் மரங்கள் சில வருடங்களில் பட்டுவிடுகின்றன. பட்டையில் ஆங்கில 'டி' எழுத்தைச் சரித்து வைத்தது போன்ற சிறு துளைகள் அதன் அடையாளம். பட்ட ஆஷ் மிகவும் முறுகலானது. தொழில் தெரிந்தவர்களே அதில் ஏறப் பின்னிற்பார்கள். எவ்வளவு தாமதிக்கிறோமோ அவ்வளவுக்கு ஆபத்தும் கூடும், கூலியும் கூடும்.

கதியால் வெட்டுவது போல வெட்டலாமா?

எமது சமூகத்தில் மரங்களுக்கு நடக்கும் மிகப் பெரிய கேடு மொட்டையடித்தல்தான். "அண்ணை, இருநூறு டொலர் தாங்கோ, அரை மணித்தியாலத்திலை மேலாலை அடிச்சு விடுறன், பிறகு பயமில்லை" என்று ஒருவர் வருவார். வீட்டுக்காரருக்கும் அது நியாயமாகவே படும். ஊரிலே பூவரசங் கதியாலையும் கிளுவையையும் முருங்கையையும் வருடா வருடம் அப்படித்தானே வெட்டினோம்? ஆட்டுக்குக் குழையும் கிடைத்தது, வேலியும் தழைத்தது.

வேலிக் கதியால் ஆளுயரத்துக்குச் சற்று மேலே நிற்பது. வெட்டிய இடத்தில் வெடித்துவரும் தளிர் கொப்பாகத் தடிக்க முன்னரே அடுத்த வெட்டு வந்துவிடும். அதன் கீழே வீடும் இல்லை. ஒரு மேப்பிளின் தலையைக் கொய்தால் நடப்பது வேறு. வெட்டிய ஒவ்வொரு முனையிலும் பத்துப் பதினைந்து தளிர்கள் கிளம்பி, சில வருடங்களில் பழைய உயரத்திற்கே போய்விடும். அவை மரத்தின் உள்ளிருந்து வளர்ந்தவை அல்ல, மேல்தோலில் ஒட்டிக்கொண்டு நிற்பவை. அதே நேரத்தில் வெட்டுவாய் பெரியதாகையால் மூட முடியாமல் உள்ளே உக்கத் தொடங்கும். ஆக, உக்கிய குற்றியின் மேல் பாரமான புதுக் கொப்புகள். இருநூறு டொலர் கொடுத்து நாங்களே வாங்கிக்கொண்ட ஆபத்து அது. மொட்டையடித்தால் புயலுக்குத் தப்பும் என்பது முதலிரண்டு வருடங்களுக்கு மட்டுமே உண்மை.

சரியாகக் கத்தரிப்பது இடம் பார்த்துக் கத்தரிப்பது. ஒவ்வொரு கொப்பும் மரத்தோடு சேருமிடத்தில் கழுத்துப் போன்ற ஒரு வீக்கம் இருக்கும். வெட்டு அந்தக் கழுத்துக்கு வெளியே, அதை ஒட்டி விழவேண்டும். மரம் தன் காயத்தை மூடும் சக்தி அந்தக் கழுத்தில்தான் இருக்கிறது. கழுத்தோடு சேர்த்து மழித்தாலும் கூடாது, முளைபோல நீட்டி விட்டாலும் கூடாது. நிலத்தில் நின்று கைவாளால் எட்டக்கூடிய சிறு கொப்பை நாங்களே வெட்டலாம். முதலில் ஒரு அடி தள்ளி அடிப்பக்கத்தில் அரைவாசிக்குக் குறைய ஒரு வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு, கொப்பு விழுந்துவிடும். பின்பு மிஞ்சிய துண்டைக் கழுத்தடியில் எடுத்துவிடுங்கள். முதல் வெட்டை விட்டுவிட்டால் கொப்பு முறிகையில் அடிமரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். காயத்துக்கு ஊரில் சாணி அப்பியது போல இங்கே மை, தார் பூசுவார்கள். இரண்டும் வேண்டாம். காற்றுப்பட விட்டால் மரம் தானே மூடிக்கொள்ளும். பெரும்பாலான மரங்களுக்குக் குளிர்காலத்தின் கடைசிப் பகுதி ஏற்ற காலம். ஓக், எல்ம் இரண்டையும் வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை தொடவேண்டாம், புதுக் காயத்தை மோப்பம் பிடித்து வரும் வண்டுகள் நோயைக் கொண்டுவரும். ஓக்கைக் கொல்லும் ஓக் வில்ற் நோய் 2023ம் ஆண்டில் நயாகரா ஃபோல்ஸில் கண்டுபிடிக்கப்பட்ட பின்பு இது இன்னும் முக்கியம்.

ஏணியில் ஏறி வெட்டும் வேலையை வீட்டில் எவரும் செய்யக்கூடாது என்பது எமது உறுதியான கருத்து. பனையேறியவரின் பேரன் என்றாலும் சரி. ஊரில் ஏறியவருக்குத் தொழில் தெரியும், தளைநாரும் இருந்தது. அலுமினிய ஏணியில் சங்கிலி வாளோடு ஏறும் ஐம்பத்தைந்து வயது அண்ணைக்கு இரண்டும் இல்லை.

ட்ரைவ்வே அகலமாகிறது, வேர் அறுகிறது

குடும்பத்தில் மூன்று பேர் வேலைக்குப் போனால் மூன்று கார். ஆகவே வீடு வாங்கி இரண்டாம் வருடம் ட்ரைவ்வே அகலமாகும். பின்வளவில் சீமெந்துக் கல் பதிப்பார்கள். மரத்தைத் தொடவில்லைத்தானே என்று நினைக்கிறோம். மரத்தின் வேர் ஆழமாகப் போகிறது என்பது பரவலான பிழையான எண்ணம். பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில் முதல் 60 சென்ரிமீற்றருக்குள்தான் இருக்கின்றன. பக்கவாட்டில் கொப்புகள் விரிந்த எல்லையையும் தாண்டி ஓடும். ட்ரைவ்வேக்கு ஒன்றரை அடி தோண்டினால் அந்தப் பக்கத்து வேர் முழுவதும் போய்விடலாம். வேறு வகையாகச் சொன்னால், கூடாரத்தின் ஒரு பக்கக் கயிறுகளை அறுத்துவிட்டோம். மரம் உடனே எதையும் காட்டாது. இலை துளிர்க்கும், நிழல் தரும். நாலைந்து வருடம் கழித்து நல்ல மழையில் மண் ஊறியிருக்கையில் காற்று அடித்தால், அறுத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக வேரோடு சாயும். அப்போது ட்ரைவ்வே போட்ட கதை எவருக்கும் ஞாபகம் இராது. மரத்தின் மேல்தான் பழி.

வேலை தொடங்க முன்னர் மரத்தடியிலிருந்து எத்தனை மீற்றர் விட வேண்டும் என்று நகரசபையைக் கேளுங்கள். பெரிய மரத்துக்கு அருகே தோண்டுவதற்கு ரொறன்ரோவில் அனுமதி தேவைப்படும். வேரை வெட்டுவதும் மொட்டையடிப்பதும் சட்டத்தின் கண்ணில் மரத்தைக் காயப்படுத்துவதுதான்.

எங்கள் வளவு, எங்கள் மரம், ஆனால்...

இந்த இடத்தில்தான் எம்மவர்கள் பலர் வீணாகத் தண்டம் கட்டுகிறார்கள். ரொறன்ரோவில் தனியார் வளவில் நிற்கும் மரமானாலும், நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அளக்கும்போது விட்டம் 30 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் இருந்தால், நகரசபையின் அனுமதியின்றித் தறிக்க முடியாது. தையல் நாடாவால் சுற்றளவு எடுத்தால் சுமார் 94 சென்ரிமீற்றர். மார்க்கத்தில் இந்த எல்லை 20 சென்ரிமீற்றர். ஊருக்கு ஊர் விதி மாறும், ஆகவே வாளை எடுக்கு முன்னர் தொலைபேசியை எடுங்கள். ரொறன்ரோவில் 311. தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். மீறினால் மரமொன்றுக்கு 500 டொலரிலிருந்து 100,000 டொலர் வரை தண்டம் விதிக்கச் சட்டம் இடங்கொடுக்கிறது. பட்ட மரம், உடனடி ஆபத்தான மரம் ஆகியவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. ஆனால் படங்களோடு நகரசபைக்கு அறிவிக்க வேண்டும்.

வீட்டின் முன்னே, நடைபாதைக்கருகில் நிற்கும் மரம் பெரும்பாலும் நகரசபையினுடையது. புல்லை வெட்டுவது நாங்கள்தான், மரம் மட்டும் அவர்களுடையது. அதில் ஒரு கொப்பையும் தொடக்கூடாது. பட்ட கொப்பு இருந்தால் அறிவித்து இலக்கம் ஒன்றைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வரச் சில மாதங்களும் ஆகலாம். கொப்பு விழுந்து கார் நசுங்கினால், முன்கூட்டியே அறிவித்தோம் என்பதற்கு அந்த இலக்கம் சான்று.

எல்லையில் நிற்கும் மரம் இன்னொரு தலையிடி. ஒன்ராறியோவின் வனச் சட்டத்தின் 10ம் பிரிவின்படி, இரண்டு காணிகளின் எல்லைக்கோட்டில் அடிமரம் நிற்குமானால் அது இரு வீட்டாருக்கும் பொதுச் சொத்து. ஒருவர் சம்மதமின்றி மற்றவர் தறித்தால் குற்றம். அயலவரின் மரத்துக் கொப்பு எங்கள் பக்கம் நீண்டிருந்தால், மரத்துக்குக் கேடு வராதவாறு எல்லை வரை எங்கள் செலவில் கத்தரிக்கலாம், அவர் வளவுக்குள் கால் வைக்கக்கூடாது. ஊரில் எல்லைக் கதியாலுக்காகத் தலைமுறையாகக் கோட்டுக்குப் போன குடும்பங்களை நாம் அறிவோம். அதை இங்கேயும் இறக்குமதி செய்ய வேண்டாம். ஒரு தேநீரோடு பேசி, பேசியதை எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

வாடகைக்கு இருப்பவர்கள் இதெல்லாம் எமக்கில்லை என்று நினைக்கக்கூடாது. பேஸ்மன்ற் சன்னலுக்கு மேலே பட்ட கொப்பு தொங்கினால், வீட்டுச் சொந்தக்காரருக்குப் படத்துடன் எழுத்தில் அறிவியுங்கள். வாயாற் சொன்னது பின்பு நிற்காது. சொந்தக்காரரின் காப்புறுதி உங்கள் தளபாடங்களுக்கும் உடுப்புக்கும் பொறுப்பல்ல. வாடகைக் குடியிருப்பாளருக்கென்று தனிக் காப்புறுதி உண்டு. கட்டணம் பெரிதல்ல, ஆனால் புதிதாக வந்தவர்களிற் பலர் எடுப்பதில்லை.

புயலின்போதும் விடிந்த பின்பும்

புயல் எச்சரிக்கை கைத்தொலைபேசியில் அலறினால் வெளியே நின்று படம் பிடிக்காமல் வீட்டின் கீழ்த்தளத்திற்கு, சன்னலுக்கு அப்பால் போங்கள். பெரிய மரத்தின் பக்கமுள்ள படுக்கையறையில் அன்றிரவு பிள்ளைகளைக் கிடத்த வேண்டாம். 2022 மே மாதத்தில் காற்று வந்து போனது சில நிமிடங்கள்தான். உயிரிழந்தவர்கள் பலர் அந்தச் சில நிமிடங்களில் வெளியே நின்றவர்கள்.

உறைமழை பெய்தால் கொப்பில் படிந்த ஐஸைத் தடியால் தட்டி விழுத்தும் ஆசை எல்லோருக்கும் வரும். தட்டக்கூடாது. உறைந்த கொப்பு கண்ணாடி போல, அடி பட்டவுடன் முறியும். வளைந்து நிலத்தைத் தொட்ட வெள்ளைப் பேர்ச் மரங்கூட ஐஸ் உருகியதும் மெல்ல நிமிர்ந்துவிடலாம். ஈரப்பனி என்றால் மட்டும் தும்புத்தடியைக் கீழிருந்து மேலாகக் கொடுத்து மெதுவாக உதறலாம்.

எல்லாவற்றிலும் பயங்கரமானது அறுந்து கிடக்கும் கம்பி. வீதியெல்லாம் இருளாக இருக்கிறது, ஆகவே கம்பியில் மின்சாரம் இல்லை என்று முடிவு கட்டுவது ஆபத்தானது. எந்த நேரமும் திரும்பி வரலாம். அயலில் எவராவது முறையின்றி இணைத்த ஜெனரேற்றரிலிருந்தும் வரலாம். குறைந்தது 10 மீற்றர், அதாவது ஒரு பள்ளிக்கூட பஸ் நீளம், தள்ளி நில்லுங்கள். கம்பி மேலே கிடக்கும் கொப்பும், கம்பிவேலியும், ஈரத்தரையும் கம்பி போலத்தான். 911க்கும் மின்சார நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். காரின் மேல் கம்பி விழுந்தால் காருக்குள்ளேயே இருங்கள். தீப்பற்றினால் மட்டும், காரையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து விலகுங்கள்.

மின்சாரம் இல்லாத வீட்டில் குளிர் ஏற ஏற, சோறாக்கவோ கணகணப்புக்கோ கரி பார்பிக்யூவை உள்ளே கொண்டுவரும் எண்ணம் வரும். 2013ல் இப்படிச் செய்து நச்சுவாயுவுக்கு ஆளானவர்கள் பலர். ஊரில் குசினி ஓலைக் கூரை, புகை தானாகவே போனது. இந்த நாட்டு வீடு காற்றுப் புகாதபடி அடைத்தது. கார்பன் மொனொக்சைட் மணமில்லாதது, நித்திரையிலேயே கொல்லும். கராஜின் கதவைத் திறந்து வைத்தாலும் கரியடுப்பும் ஜெனரேற்றரும் அங்கே கூடாது. பற்றறியில் இயங்கும் எச்சரிக்கைக் கருவி படுக்கையறைகளுக்கு அருகில் இருக்க வேண்டும்.

விடிந்ததும் எதையும் அகற்ற முன்னர் எல்லாப் பக்கத்தாலும் படம் எடுங்கள். கூரையில் ஓட்டை விழுந்திருந்தால் தறப்பாள் போட்டு மேலும் தண்ணீர் போகாமல் தடுப்பது உங்கள் கடமையாகக் கருதப்படும். அதற்கான பற்றுச்சீட்டை வைத்திருங்கள். பொதுவாக, காற்றாலோ ஐஸாலோ மரம் வீட்டின் மேல் விழுந்தால் வீட்டுக் காப்புறுதி ஏற்றுக்கொள்ளும், அது பக்கத்து வீட்டு மரமாக இருந்தாலும் முதலில் எங்கள் காப்புறுதியையே நாட வேண்டும். எதையும் சேதப்படுத்தாமல் புல்லில் விழுந்த மரத்தை அகற்றும் செலவை அனேகமாகத் தரமாட்டார்கள். கார் என்றால் காரின் காப்புறுதி. அதிலும் விபத்துக்கு மட்டும் எடுத்திருந்தால் கிடைக்காது, ஏனைய சேதங்களுக்கான பகுதியும் இருக்க வேண்டும். பட்டுப்போன மரத்தை அறிந்தும் வருடக்கணக்காக விட்டிருந்தால் கேள்வி கேட்பார்கள். ஜூன் மாதப் படமும், மரம் பார்த்தவரின் அறிக்கையும் அந்த நேரத்தில் கைகொடுக்கும்.

2013ல் பலரை அலைக்கழித்த இன்னொரு விடயம். கொப்பு விழுந்து, கூரையோரத்தில் நிற்கும் மின்குழாயைச் சுவரோடு பிடுங்கிவிட்டால், அந்தக் குழாயும் மீற்றர் பெட்டியின் அடித்தட்டும் வீட்டுக்காரரின் பொறுப்பு. அனுமதிப்பத்திரம் பெற்ற மின்னியலாளர் திருத்தி, மின் பாதுகாப்பு அதிகாரசபையின் பரிசோதனையும் முடிந்த பின்னரே மின்சார நிறுவனம் இணைக்கும். வீதி முழுவதும் வெளிச்சம் வந்த பின்னும் தங்கள் வீடு மட்டும் ஏன் இருளில் என்று தெரியாமல் காத்திருந்தவர்கள் உண்டு. சுவரைப் பார்த்து, குழாய் சரிந்திருந்தால் முதல் நாளே மின்னியலாளரைத் தேடுங்கள்.

புயல் ஓய்ந்த மறுநாள் கதவு தட்டப்படும். "இப்பவே வெட்டுறன், காசாத் தந்தால் குறைச்சுச் செய்வன்" என்பவர் தமிழராகவும் இருப்பார், வேற்றினத்தவராகவும் இருப்பார். மூன்று விடயம் கேளுங்கள்: சர்வதேச மரவளர்ப்புச் சங்கத்தின் தகைமையுள்ள ஆர்பொறிஸ்ற் யார், பொதுப்பொறுப்புக் காப்புறுதிப் பத்திரம் எங்கே, வேலையாட்களுக்கு வேலையிடக் காப்புறுதிச் சபையின் சான்று உண்டா. இவை இல்லாதவர் உங்கள் மரத்திலிருந்து விழுந்தால் வழக்கு உங்கள் வாசலுக்கு வரக்கூடும். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்க வேண்டாம். ஒன்ராறியோவில் வீட்டில் வைத்துக் கைச்சாத்திட்ட இத்தகைய ஒப்பந்தத்தைப் பத்து நாட்களுக்குள் ரத்துச் செய்ய நுகர்வோருக்கு உரிமை உண்டு. கையெழுத்து வாங்க அவசரப்படுத்துபவர் இதைச் சொல்லமாட்டார்.

முறிந்த மரங்கள் எல்லாம் தறிக்க வேண்டியவை அல்ல. அடிமரம் பிளக்காமல், தலையில் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தால் அனேகமாக மீளும். தொங்கும் கொப்புகளை மட்டும் அகற்றிவிட்டு மற்றதை அடுத்த வருடம் பார்க்கலாம். வளைந்து, நெருக்குண்டு கிடக்கும் கொப்பைச் சங்கிலி வாளால் தொடாதீர்கள். வில்லைப் போல விடுபட்டு முகத்தில் அடிக்கும்.

மரம் போய்விட்டதென்றால் இன்னொன்று வைக்கலாம். ரொறன்ரோவில் வீட்டு முன்னுள்ள நகரசபை நிலத்தில் இலவசமாகவே நட்டுத் தருவார்கள், விண்ணப்பித்தாற் போதும். சொந்த வளவில் நடுவதானால் தோண்ட முன்னர் ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவித்து நிலத்தடிக் குழாய், கம்பிகளைக் குறிக்கச் செய்யுங்கள், அதற்குப் பணமில்லை. மேலே கம்பி ஓடினால் சிறு இன மரமே வையுங்கள். வாழைக்கு மண் அணைப்பது போல அடிமரத்தைச் சுற்றி மண்ணையோ மரத்தூளையோ குவிப்பதையும் காண்கிறோம். வாழைக்குச் சரி, மேப்பிளுக்குப் பட்டை உக்கிவிடும். வேர் விரியும் இடம் வெளியே தெரிய வேண்டும், தூள் அடிமரத்தைத் தொடாமல் நாலு விரல் தடிப்பில் அகலப் பரப்புங்கள். முட்டுக் கொடுத்த தடிகளை ஒரு வருடத்தில் கழற்றுங்கள். முதலிரண்டு மூன்று கோடைகளுக்கு மழையில்லாத வாரங்களில் வேர் ஊறத் தண்ணீர் விடவேண்டும். இளமரத்தில் கூரான கவட்டை தெரிந்தால் கைக்கத்தரிக்கோலாலேயே ஒன்றை எடுத்துவிடலாம். இருபது வருடம் கழித்தென்றால் அதற்குப் பாரந்தூக்கியும் நாலு ஆட்களும் வேண்டும்.